பேட்டரிக் காத்து

ஏலே பேராண்டி, இங்கன வா. சாரல்ல வாயில ஆவி பறக்குதாக்கும்னு நெனச்சேன். பாத்தா, சட்டைப்பையில பேனா கணக்கா ஒரு வேப்பு! மாம்பழ வாசம் வேற. மெட்ராஸ்காரன் சீசனுக்கு ரூம் போட்டு குற்றாலக் காத்து வாங்க வாரான். மேலகரத்துலயே பொறந்தவன் நீ பேட்டரிக் காத்த இழுக்கே.

"புகை இல்ல தாத்தா, வெறும் ஆவி"ன்னு சொல்லுதே. பீடி சுத்துற ஊர்க்காரன்கிட்டயால இந்தக் கத? உங்க ஆச்சி மடியில சுளகு வச்சு, இலைய நறுக்கி, தூளப் போட்டுச் சுருட்டி, நூலு கட்டித்தான் உங்கப்பன் படிச்சான். பீடிக்காரனுக்காவது தான் இழுக்கது கெடுதின்னு தெரியும். உன் பேனாக்குள்ள நிக்கோடின், கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால். மாம்பழம் எங்கலே இருக்கு?

இழுக்கவன் பயப்பட வேண்டிய ஒரு நோவு சொல்லுதேன், கேளு. 1919ல குட்பாஸ்ச்சர்னு அமெரிக்க டாக்டரு ஒரு 18 வயசுப் பயலப் பத்தி எழுதினாரு. நுரையீரல்ல ரத்தக்கசிவு, கிட்னியும் கெட்டுப்போச்சு. அது எப்படி ரெண்டும் சேந்து? ரெண்டு எடத்துலயும் மெல்லிசா ஒரே சாதிச் சவ்வு இருக்கு. ஒடம்பக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே புத்தி கெட்டு அதப் போட்டுத் தாக்கும். கிட்னிச் சவ்வு அதுக்கு லேசுல சிக்கிரும். நுரையீரல்ல உள்ளது கொஞ்சம் மறைஞ்சு கெடக்கும். புகை போயி மேல்தோல அரிச்சு, எடத்தக் காட்டிக் குடுத்துரும். அதான் அந்த நோவு வந்தவன்ல புகைக்கவனுக்கு நெஞ்சுல ரத்தம் கசியறது சாஸ்தி. வேப்பு இழுத்த எளவட்டங்களுக்கும் நுரையீரல்ல ரத்தம் கசிஞ்சத டாக்டர்மாரு எழுதி வச்சிருக்காவ.

2019லருந்து 2020 பிப்ரவரிக்குள்ள வேப்பு இழுத்து நுரையீரல் வெந்து அமெரிக்காவுல ஆஸ்பத்திரிக்குப் போனவ 2,800 பேர். அதுல 68 பேர் போய்ச் சேந்துட்டாவ. முக்காவாசிப் பேரு இழுத்தது கஞ்சாச் சத்துக் கலந்த சரக்கு. அதுல கலப்படம் என்னன்னா, வைட்டமின் ஈ அசிடேட்டு. வைட்டமின்தாம்லே! திங்கதத் திங்கணும்.

இந்த வேப்புக்குத் தமிழ்நாட்டுல 2018லயே தடை. மறுவருசம் இந்தியா பூராவும். விக்கவனுக்கு மொதத் தடவையே ஒரு வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்லன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டுங்கூட உண்டு. நீ எங்கன வாங்குன? பாத்தியா, வாயே தொறக்கல!

இருமுனா ரத்தம், மூத்திரம் கட்டங்காப்பி நெறம், காலு வீக்கம், மூச்சு முட்டு. இதுல எது வந்தாலும் ஒளிக்காத. அன்னைக்கே ஓடி மூத்திரத்தையும் கிரியேட்டினினையும் பாரு. டாக்டரு கேக்கையில "வெறும் ஆவி சார்"னு மழுப்பாத. நாளக் கடத்துனா கிட்னி திரும்பாது.

செரி, அந்தப் பேனா என்ன வெல?

அம்புட்டா! ஆயிரம் பீடி சுத்துனா என்ன கூலின்னு உள்ள போயி ஆச்சிகிட்ட கேட்டுட்டு வாலே.