டிரைவருக்கும் சேர்த்து!

கேள்வி: தொண்டு மருத்துவமனைகளுக்கு ஆம்புலன்ஸ் தருகிறவர்கள், சம்பளத்துக்கு மட்டும் பணம் தர மறுக்கிறார்களே?

பதில்: ஆம்புலன்ஸில் நன்கொடையாளர் பெயர் எழுத இடமிருக்கிறது, நர்ஸின் சம்பளச் சீட்டில் இல்லையே! டிரைவரும் டீசலும் இல்லாத வண்டி யாரைக் காப்பாற்றும்? மூன்று வருடச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

சம்பளத்துக்குப் பணம் தந்தவர்களும் உண்டு. 1909இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்க எண்ணெய்த் தொழிலதிபர் ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்தார். வெறுங்கால் தோல் வழியே நுழைந்து, குடலில் ஒட்டி, ரத்தம் குடிக்கும் புழு அது. சோகையில் துவண்ட ஏழைகளைச் சோம்பேறிகள் என்று ஏசினார்கள், பாவம். அந்தப் பணம் டாக்டர்களுக்கும், மைக்ராஸ்கோப்பில் மலம் சோதித்தவர்களுக்கும் சம்பளமானது. அவர்கள் ஊர் ஊராகப் போய்த் தைமால் மருந்து கொடுத்து, கழிப்பறை கட்டச் சொன்னார்கள்.