ஒரே ஆள், ஐந்து பெயர்

உங்கள் பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? பதறாதீர்கள், கலைத்துவிடலாம். பலர் பாதி வேலையை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள், மீதியைப் பார்ப்போம்.

1. இன்ஷியலில் கை வையுங்கள். மார்க் ஷீட்டில் முன்னால், ஆதாரில் பின்னால், ரேஷன் கார்டில் அப்பாவின் முழுப் பெயர். பாஸ்புக்கில் அதுவும் வேண்டாம்.

2. பான் விண்ணப்பத்தில் இன்ஷியல் செல்லாது, விரித்து எழுதச் சொல்வார்கள். நல்ல சந்தர்ப்பம். அப்பா பெயரை உங்கள் கடைசிப் பெயராக்குங்கள். பிறகு வெளிநாட்டு அலுவலகத்தில் அப்பாவை அழைத்தால் நீங்கள் எழுந்து நில்லுங்கள்.

3. ஆங்கில எழுத்துக்கூட்டலை மனநிலைக்கு விடுங்கள். 'செந்தில்' என்றால் ஒருநாள் 'டி'க்குப் பின் 'ஹெச்' போடுங்கள், ஒருநாள் விடுங்கள். நியூமராலஜிக்காரர் கூடுதலாக ஒரு 'ஏ' தந்தால் அதை வங்கியில் மட்டும் கொடுங்கள். பணம் வரும் இடமாயிற்றே. தயக்கமாக இருந்தால் தமிழ்நாடு அரசைப் பாருங்கள்: 1,018 ஊர்களுக்கு ஆங்கிலத்தில் புது எழுத்துக்கூட்டல் என்ற ஆணை 2020 ஜூனில் வெளிவந்தது, அதே மாதம் வாபஸும் ஆனது.

4. பிறந்த தேதி: வீட்டில் ஐப்பசி, பள்ளியில் ஜூன். இதை உங்கள் தலைமையாசிரியர் அன்றே முடித்துக் கொடுத்துவிட்டார்.

5. ஆதாரையும் பானையும் இணைக்கும்போது 'பெயர் பொருந்தவில்லை' என்று வந்தால் முறைத்துவிட்டு மூடுங்கள். இலவசமாக இணைக்க முடிந்த காலத்தில் இணைத்திருந்தால் என்ன சுவாரஸ்யம்? 2022 ஜூலை முதல் அபராதம் 1,000 ரூபாய் ஆனது; அப்போதுதான் வரிசைக்கு மரியாதை. பான் முடங்கிய பிறகு போவது இன்னும் விசேஷம்.

6. நோட்டரியிடம் போங்கள். 'மேற்படி இரு பெயர்களும் என் ஒருவனையே குறிக்கும்' என்று பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். டைப் அடிப்பவர் அவசரத்தில் மூன்றாவதாக ஓர் எழுத்துக்கூட்டல் போடுவார். படித்துப் பார்க்காமல் கையெழுத்திடுங்கள். அந்தக் கையெழுத்தும் பான் கார்டில் உள்ளதைப் போல இருக்க வேண்டாம்.

7. அடுத்து பிள்ளை. பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். சேர்க்க 15 வருடம் அவகாசம் உண்டு. எல்.கே.ஜி. சேர்க்கை வரிசையில் நின்றுகொண்டே மாமியாரிடம் போனில் கேட்டு ஒரு பெயர் எழுதுங்கள். தமிழ்நாட்டில் அம்மா பெயரின் முதலெழுத்தையும் இன்ஷியலாகப் போடலாம். ஆகவே டி.சி.யில் அப்பா, ஆதாரில் அம்மா.