பிரேக் பிடிக்குமா, ஹாட் ராட்?

கேள்வி: பையன்கள் வீட்டிலேயே செய்த முதல் ஹாட் ராட், சோதனை ஓட்டத்திலேயே பயமுறுத்தியது ஏன்?

பதில்: ஹாட் ராட் என்பது பழைய காரின் உடம்பில் புதிய வேகத்தைக் குடியேற்றிய வண்டி. இந்தப் பழக்கம் 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவில் வேரூன்றியது. ஃபோர்டு 1932இல் 65 குதிரைத்திறன் வி-8 இன்ஜினை மலிவுக் காருக்குக் கொண்டுவந்தது. விபத்தில் நொறுங்கிய கார்களிலிருந்து அந்த இன்ஜின் காயலான் கடைக்கு வந்ததும், பையன்கள் அதை ஃபோர்டின் பழைய 40 குதிரைத்திறன் காரான மாடல்-ஏயின் சட்டத்தில் இறக்கினார்கள். எடை குறைய மட்கார்டும் பானெட்டும் கழன்றன.

வேகம் ஏறியது, பிரேக் அப்படியே இருந்தது. அதுதான் வினை. மாடல்-ஏ பிரேக், கம்பிகள் இழுத்துப் பிடிக்கும் வகை. ஒரு சக்கரத்தின் கம்பி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும், மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பெட்ரோல் டேங்க் வேறு டாஷ்போர்டுக்குப் பின்னால், ஓட்டுபவரின் முழங்காலுக்கு நேர் மேலே! சீட் பெல்ட்டும் கிடையாது. முதல் ஓட்டம் பெரும்பாலும் ஊர்த் தெருவில்தான். குறுக்கே யார் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

விவரம் தெரிந்தவர்கள் ஃபோர்டு 1939இல் கொண்டுவந்த ஹைட்ராலிக் பிரேக்கை வாங்கி மாட்டினார்கள். செலவழித்த காசில் மிகப் புத்திசாலித்தனமான காசு அது. தெருவை விட்டு மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளுக்குப் போனார்கள். அங்கே நேரம் கணிக்கவும் ஒழுங்கு பார்க்கவும் 1937இல் ஒரு சங்கம் உருவானது. எல் மிராஜில் இன்றும் ஓட்டம் நடக்கிறது.