மூன்றாமவன் வாழ்த்து: ஒரு முன்ன விசாரணை

ஒரு பெண்ணை இருவர் காதலித்து, அவர்களுள் ஒருவன் அவளை மணந்துகொண்ட பின் மற்றவன் பாடுகிற வாழ்த்தை, வாழ்த்தென்றே கொள்வதா, புலம்பலென்று கொள்வதா, அன்றி நயமான வசையென்று கொள்வதா என்னும் ஐயம், மும்பைத் தமிழரின் கல்யாணப் பந்தல்களில் மைக்செட் கட்டும்போதெல்லாம் எழுந்து, பந்தி முடிவதற்குள் தீர்ப்பின்றியே அடங்கிவிடுவதாதலால், அதைச் சாஸ்திரோக்தமாக விசாரிப்பது அவசியமாயிற்று.

விசாரணைக்குரிய பாட்டான ‘எங்கிருந்தாலும் வாழ்க’, 1962-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விசுவநாதன் – ராமமூர்த்தி இசையில் ஏ. எல். ராகவன் பாடியது. டாக்டர் முரளி தம் முன்னாள் காதலி சீதாவை வாழ்த்துகிறார். அவள் கணவன் வேணுவோ அவருடைய ஆஸ்பத்திரியிலேயே புற்றுநோயோடு படுத்திருக்கிறான். மஞ்சளும் குங்குமமும் நிலைக்கட்டும் என்பவரும், அவை நிலைப்பதற்காகக் கத்தி பிடிக்க வேண்டியவரும் ஒருவரே. எந்தப் புரோகிதருக்கும் இப்படிப்பட்ட பொறுப்பு நேர்ந்ததாகத் தெரியவில்லை.

கிங்ஸ் சர்க்கிள் அரோரா கொட்டகையில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்து, கஃபே மெட்ராஸில் இடத்துக்குக் காத்து நிற்கும் நேரத்தில் சித்தாந்தம் செய்யும் வழக்கமுடைய மாதுங்காக் கட்சியாருக்கு, மங்கலச் சொல் எவர் வாயில் வந்தாலும் மங்கலமே. “அட்சதை போடறவன் மனசுல என்ன இருக்குன்னு யாராவது கேக்கறோமா ஓய்?” என்பது அவர்கள் வாதம். தாராவிக் கட்சியாரோ, திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒப்பாரியின் இலக்கணத்தைக் கையோடு கொண்டுவந்த முன்னோரின் வழியினர். 90 அடி சாலைப் பந்தலில் இப்பாட்டு எழுந்தால், “ஏலே, அவன் அழுதுக்கிட்டுல்லா இருக்கான், மாத்துலே” என்று மைக்செட் பையனை அதட்டுவார்கள். பிற்காலத்ததான செம்பூர்க் கட்சி, எங்கேயாவது போய் நன்றாயிரு என்பவன், என் கண்ணில் படாதே என்றுதான் சொல்கிறான் எனச் சாதிக்கும். சாமர்த்தியமான வாதம்தான், ஆனால் அவள் அப்போது அவருடைய ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள் என்பதை அது மறந்துவிட்டது.

இச்சொல் இவர் இவருக்குச் சொல்லத்தக்கது என்று கேட்பவன் உய்த்துணர நிற்பதைத் தொல்காப்பியர் செய்யுளியலில் ‘முன்னம்’ என்று ஓர் உறுப்பாகவே வகுத்திருக்கிறார். அதைப் பறிகொடுத்தால் நேரும் அனர்த்தத்துக்குக் கானல்வரியைவிடப் பெரிய திருஷ்டாந்தம் நம்மிடம் இல்லை. இந்திரவிழாவின் முடிவில் புகார்க் கடற்கரையில் கோவலன் யாழெடுத்துப் பாட, அவன் மனத்தில் வேறொருத்தி இருப்பதாக மாதவி எண்ணி, தானும் அவ்வண்ணமே பாட, வேறொருவனை நினைத்துப் பாடினாளென்று அவன் எழுந்து போய்விட்டான். பாட்டினுள் பேசுகிறவளையும் பாடுகிறவளையும் ஒருத்தியென்று கொண்ட இந்த விமரிசனப் பிழைக்கு மதுரை நகரம் எரிந்தது. இவ்வளவு முக்கியமான பகுதிக்கு அடியார்க்கு நல்லார் உரை நமக்குக் கிடைக்காமற்போனது, செம்பூர்க் கட்சியாருக்கு அனுகூலமாகவே முடிந்திருக்கிறது.

மும்பைக்கே உரிய சான்று வேறொன்றுண்டு. 1963-இல் ஸ்ரீதர் இதே கதையைத் ‘தில் ஏக் மந்திர்’ என்று இந்தியில் எடுத்தபோது, சீதாவைச் சீதாவாகவே விட்டுவிட்டு, வேணுவை ராம் ஆக்கினார். ராமனும் சீதையும் தம்பதியான பின் மூன்றாமவனுக்கு எஞ்சும் பாத்திரம் இன்னதென்று எல்லோரும் அறிவர். அந்த அபவாதம் நேராதிருக்கத்தானோ என்னவோ, டாக்டருக்குத் தர்மேஷ் என்று பெயரிலேயே தர்மத்தைச் சேர்த்து வைத்தார்கள். கதாபாத்திரங்களின் பெயரை மாற்றியே பாட்டுக்கு உரையெழுதிய இந்த உபாயம் நச்சினார்க்கினியருக்கும் தோன்றாதது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், திரையில் பாடுகிறவர் முரளி என்பது நிச்சயம். பந்தலிலோ பாட்டுக்கு ஆள் இல்லை. ஆகவே, கூட்டத்தில் எவனுக்குப் பழைய பாக்கி இருக்கிறதோ அவன் அதை எடுத்துக்கொள்கிறான். மாப்பிள்ளை வீட்டார் அவனைத் தேடத் தொடங்குகிறார்கள். தாராவிக் கட்சியின் அதட்டலுக்கு இதுவே ஆதாரமென்று கருதி, அவர்கள் பக்கமே சாய்கிறேன்.

இனி, இதே பாட்டைச் சொல்லே இல்லாமல் நாகஸ்வரக்காரர் விருந்து வேளையில் வாசிக்கும்போது முன்னம் எங்கே போய்த் தங்கும் என்பது தனியே ஆராயத்தக்கது. அதற்கு முதல் பந்தியில் மேளத்துக்குப் பக்கத்து இலை கிடைக்க வேண்டும்.