கரிக்கு வந்த யோகம்

பினாங்கில் ஒரு குடும்பம் முன்னுக்கு வந்துவிட்டதா என்று அறிய, என் சிறுவயதில் யாரும் வங்கிக் கணக்கை விசாரித்ததில்லை. சமையல்கட்டை ஒரு பார்வை பார்ப்பார்கள். மூலையில் கரிமூட்டை சாய்ந்திருந்தால் இன்னும் நாளாகும். மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தால் ஏதோ வழி பிறந்திருக்கிறது. கேஸ் சிலிண்டர் நின்றுவிட்டால் அந்த வீட்டில் தாராளமாகப் பெண் கேட்கலாம். எங்கள் வீட்டுக்குக் கேஸ் வந்த அன்று அம்மா சிலிண்டருக்குக் குங்குமம் வைத்து, பாலைப் பொங்கவிட்டு, தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார்.

இன்று அந்த அளவுகோலைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 14 கிலோ சிலிண்டர் அரசு மானியத்தில் 26 வெள்ளி 60 காசு. அதில் சமைக்க யாராலும் முடியும். கரியில் சமைக்கத்தான் வசதி வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கும் என் மகனுக்கு அந்த வசதி வந்துவிட்டது. சில ஆயிரம் வெள்ளி கொடுத்து ஒரு 'கமாடோ' வாங்கியிருக்கிறான். கரியடுப்புதான். ஆனால் அப்படிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வருகிறது.

வந்து இறங்கிய அன்றே வீட்டு நிர்வாகத்தில் மாற்றம். மழை படக்கூடாது என்று அதற்கு போர்ச்சில் இடம் ஒதுக்கப்பட்டது. அதுவரை அங்கே நிழலில் இருந்த மைவி கார் வெளியே வெயிலுக்குப் போனது. ஆள் இடுப்பு உயரத்தில் கறுப்பாகப் பளபளக்கும் ஒரு பெரிய இரும்பு முட்டை. குறுக்கே பிளந்து, மேல்பாதி கீலில் திறக்கிறது. வில் வைத்த கீல், சுண்டுவிரலால் தூக்கலாம். சுவர் இரட்டை. இரண்டு தகட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, சூடு வெளியே போகாமல் காபந்து செய்திருக்கிறார்கள். அடியில் ஒரு காற்றுத் துவாரம், உச்சியில் ஒரு காற்றுத் துவாரம், நெற்றியில் ஒரு வெப்பமானி. உள்ளே 200 டிகிரி காட்டும்போது வெளிச்சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். சூடு தெரிகிறது, கையை இழுக்க வைக்கவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டிய வேலைப்பாடுதான்.

மகன் எங்களை உட்கார வைத்து வகுப்பெடுத்தான். ஜப்பானில் அரிசி வேகவைத்த மூடியுள்ள மண் அடுப்பு இது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கே இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் அதன் ருசியில் மயங்கி ஊருக்குத் தூக்கிப்போனார்கள். 1974-இல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் என்பவர் 'பிக் கிரீன் எக்' என்ற பெயரில் கடை போட்டார். மண் விரிசல் விடுகிறது என்று பிறகு பீங்கானுக்கு மாறினார்கள். பீங்கான் கனக்கிறது என்று வேறு சிலர் இரட்டைச் சுவர் இரும்புக்கு மாறினார்கள். அந்த வம்சாவளியின் கடைக்குட்டிதான் எங்கள் போர்ச்சில் நிற்கிறது.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மட்டும் பதினாறு. "மண்ணு விரிசல் விடும்னு தெரியாமலா வெச்சிருந்தாங்க? அதுக்குத்தானே தகர வாளி?" என்றார்.

அம்மா சொன்ன வாளியை நான் பார்த்து வளர்ந்தவன். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் மணி காதில் விழும் தூரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலம். ஒரே வீட்டில் நான்கு குடும்பங்கள். பின்கட்டில் வானம் பார்த்த முற்றம், அதை ஒட்டி நான்கு அடுப்புகள். வெளியே தகர வாளி, உள்ளே சுட்ட மண் அடுப்பு, இரண்டுக்கும் நடுவே இறுக்கி அடைத்த உமிச்சாம்பல். சயாமில் இன்றும் பரவலாகப் புழங்கும் வடிவம். சூடு பக்கவாட்டில் ஓடாமல் உமிச்சாம்பல் பிடித்து நிறுத்தும். இரட்டைச் சுவருக்கு நடுவே காபந்து என்ற யோசனை எங்கள் பின்கட்டில் வரிசையாக நான்கு நின்றது. நாங்கள்தான் அதற்கு விளக்கப் புத்தகம் அச்சடிக்கவில்லை.

சமையல் முடிந்ததும் அம்மா இடுக்கியால் தணலை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு மண்பானையில் போட்டு மூடிவிடுவார். காற்றில்லாமல் தணல் அணையும். மிஞ்சிய கரி மறுநாள் பசியாறலுக்குத் தேநீர் போட உதவும். மகன் தன் கமாடோவின் பெரிய சிறப்பாகச் சொன்னது இதைத்தான்: இரண்டு துவாரத்தையும் மூடினால் நெருப்பு தானே அணைந்து, மீதிக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். வாளியையும் பானையையும் ஒன்றாகப் பற்றவைத்து, வில் கீல் போட்டால் கமாடோ. அம்மாவின் இரண்டு சாமான்களையும் சேர்த்தால் அன்றைக்கு ஐந்து வெள்ளிகூட ஆகியிருக்காது.

பற்றவைக்கும் முறையும் மாறிவிட்டது. அன்று ஒரு தேங்காய்த் தொட்டி, மேலே கசக்கிய பழைய 'தமிழ் நேசன்'. காலையில் அப்பா தலையங்கம் படிப்பார், மாலையில் அதே தலையங்கம் உலை கொதிக்க வைக்கும். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றுவிட்டது. மகன் மரத்தூளும் மெழுகும் சேர்த்து உருட்டிய பற்றவைப்புக் கட்டிகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருக்கிறான். நன்றாகத்தான் பற்றுகிறது. படிக்கத்தான் ஒன்றும் இல்லை.

கரி மட்டும் அதே கரி. அன்று சீனர் கடையிலிருந்து மூன்று சக்கர வண்டியில் மூட்டையாக வரும். இன்று அட்டைப்பெட்டியில், கையுறை போட்ட பையன் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போகிறான். பெட்டியைத் திறந்தால் அதே கண்டல் மரக் கரி. தட்டினால் அதே கணீர். பேராக்கில் தைப்பிங்கை அடுத்த கோலா செபெத்தாங்கில் அதைச் சுடும் சூளைகளைப் போய்ப் பார்த்திருக்கிறேன். பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885-இல் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து ஓடியது அந்தத் துறைமுகத்துக்குத்தான். மாத்தாங் கண்டல் காட்டை நூறாண்டுக்கு மேலாகப் பகுதி பகுதியாகப் பிரித்து, முப்பது ஆண்டுச் சுற்றில் வெட்டி, மறுபடி வளர்த்து வருகிறார்கள். பட்டை உரித்த மரத்தை பெரிய செங்கல் கூண்டுக்குள் நிமிர்த்தி அடுக்கி, வாசலில் தீ மூட்டி, துவாரங்களைச் சிறிது சிறிதாக அடைத்து, வாரக்கணக்கில் வேகவைக்கிறார்கள். மரம் எரிந்துவிடக் கூடாது. ஈரமும் புகையும் மட்டும் வெளியேற வேண்டும். சூளைக்காரர் வெப்பமானி எதையும் பார்க்கவில்லை. துவாரத்தில் வரும் புகையை முகர்ந்து, நிறத்தைப் பார்த்து, போதும் என்று மண்ணைப் பூசினார். குவிந்த கூரை, கீழே துவாரம், அளந்து விடும் காற்று என்று கமாடோவின் சூத்திரம் முழுக்க அங்கே இருக்கிறது. ஆக, ஒரு முட்டைக்குள் பிறந்த கரியை இன்னொரு முட்டைக்குள் போட்டு எரிக்க என் மகன் செலவழித்திருக்கிறான். அங்கே சுடும் கரியில் பெரும்பகுதி ஜப்பானுக்கு ஏற்றுமதி என்பது இந்தக் கதைக்குப் பொருத்தமான உபரி.

கரி எங்கள் வீட்டை விட்டுப் போன கதையை இப்போது எல்லாரும் நாகரிகத்தின் தலையில் போடுகிறார்கள். கேஸ் வந்தது, ருசி போனது என்று பெருமூச்சு விடுகிறார்கள். நடந்தது வேறு. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. எங்கள் தெருவின் வயசுப் பெண்கள் அதிகாலைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். என் அக்காவும் ஏறினார். அதுவரை மாலை அடுப்பு அக்காவின் பொறுப்பு: பற்றவைப்பது, விசிறுவது, கண்ணைக் கசக்குவது, கங்கு நீறு பூக்கும்வரை காத்திருப்பது. ஷிப்ட் முடிந்து வந்தவளை அடுப்பு முன்னால் உட்காரச் சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லை. அக்காவின் சம்பளத்தில்தான் கேஸ் வந்தது. உட்கார ஆள் இல்லாமல் போனதால்தான் கரி போனது. அந்த இடத்தில் அப்பாவோ நானோ உட்காரலாமே என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. நான் ருசி பார்க்கும் துறையில் இருந்தேன்.

வீடும் அதேபோல்தான் போனது. 2000 ஜனவரியில் வாடகைக் கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. நான்கு குடும்பங்களும் நான்கு திசைக்குப் போயின. 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்தக் கடைவீடு இன்று தங்கும் விடுதி. முற்றத்தில் மீன் விட்டிருக்கிறார்கள். அடுப்பு நின்ற இடத்தில் ஒரு தகர வாளி அடுப்பை வைத்து அதில் பெரணிச் செடி வளர்க்கிறார்கள். பயணிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தெருவில் இறங்கினால் கரியில் வதக்கிய சார் குவே தியாவுக்கு நீண்ட வரிசை. கரி என்று பலகையில் எழுதுவதே ஒரு விளம்பரம். புலாவ் திக்குஸ் பக்கம் சட்டிக்குச் சட்டி கரித்தணல் வைத்து ஆப்பம் சுடுகிறவர் முன்னாலும் கைப்பேசிகள் நீளுகின்றன. விசிறுகிற கைக்கு வியர்க்கிறது என்பது படத்தில் தெரியாது.

கமாடோவின் அரங்கேற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகன் பார்த்த டெக்சஸ் காணொளிகள் எல்லாமே மாட்டு நெஞ்சுக்கறியில்தான் தொடங்குகின்றன. எங்கள் வீட்டுக்குள் மாடு வராது. பேச்சுவார்த்தையின் முடிவில் ஆட்டுத்தொடை ஏற்கப்பட்டது. மிளகு, சோம்பு, இஞ்சி பூண்டு தடவி, முதல் நாளே ஊறவைத்தாயிற்று. 110 டிகிரி, ஆறு மணி நேரம், பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு என்று உறவுக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. இறைச்சிக்குள் ஒரு கம்பி செருகப்பட்டது. கம்பி கைப்பேசியோடு பேசியது.

பகல் ஒரு மணிக்கு இறைச்சியின் உள்சூடு 68 டிகிரி. இரண்டு மணிக்கும் 68. மகன் கலங்கவில்லை. இறைச்சியின் ஈரம் ஆவியாகும்போது அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும், நமக்கு வியர்ப்பதுபோல. அந்த ஈரம் தீரும்வரை முள் நகராது, இது உலகம் முழுக்க நடப்பது என்று பசித்திருந்த பன்னிரண்டு பேருக்கும் விளக்கினான். விஞ்ஞானம் சரிதான். பெரிய மாமா மூடியைத் திறந்து பார்க்கப் போனார். மகன் பாய்ந்து தடுத்தான்: காற்றுக்கு ஏங்கிக் கிடக்கும் தணல்மேல் மூடியை ஒரேயடியாகத் திறந்தால் தீ மேலே பாயும், முதலில் விரலளவு தூக்கி மூச்சு விட வேண்டும். மாமா புருவத்தைத் தடவிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது மோட்டார் சைக்கிளில் பன்னிரண்டு பொட்டலம் நாசி கண்டார் இருந்தது.

ஆட்டுத்தொடை ஐந்து மணிக்கு இறங்கியது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அப்படி ஒரு இறைச்சியை நான் சாப்பிட்டதில்லை. எலும்பு தானாகக் கழன்றது. சாறு உள்ளேயே நின்றிருந்தது. புகை வாசம் மசாலாவை மிதிக்காமல் பின்னால் வந்தது. காலையில் போட்ட கரியில் பாதிக்கு மேல் மிச்சம். பழைய ருசி திரும்பிவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். குயின் ஸ்ட்ரீட் மாடியில் நாங்கள் ஒருநாளும் முழு ஆட்டுத்தொடை வாங்கியதில்லை என்பதால் எந்தப் பழைய ருசி என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா ஒரு துண்டை மென்றுகொண்டே முட்டையைச் சுற்றி வந்தார். குனிந்து அடித்துவாரத்தைப் பார்த்தார். என்ன குறை சொல்லப் போகிறாரோ என்று மகன் தயாராக நின்றான்.

"காலையிலேருந்து இதுகிட்ட யாரு உக்காந்திருந்தா?"

"யாரும் இல்ல பாட்டி. உக்காரவே வேணாம். அதான் இதோட விசேஷம். நான் உள்ள பந்து விளையாட்டுப் பாத்துட்டிருந்தேன்."

"விசிறல?"

"இல்ல."

"மூஞ்சில அனல் அடிக்கல?"

"சூடு வெளியவே வராது பாட்டி."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. விலையைக் கேட்டார். மகன் தயங்கித் தயங்கிப் பாதியைச் சொன்னான். "பரவால்ல, குடுக்கலாம்" என்றார் அம்மா. சினிமாவுக்கு ஐம்பது காசு தர யோசித்த மனுஷி அவர். "அப்பவே இது இருந்திருந்தா நானும் உங்க அத்தையும் எவ்வளவோ படம் பாத்திருப்போம்."

கரியடுப்பின் பொற்காலத்தைப் பற்றி இதுவரை யாரும் அம்மாவிடம் கருத்துக் கேட்டதில்லை. எங்களுக்கு அது மணம். அவருக்கு அது நேரம். அன்று கரி மலிவாக இருந்ததற்குக் காரணம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு யாரும் கூலி போடாததுதான். இரட்டைச் சுவரும் வில் கீலும் உள்ளே வைத்து மூடியிருப்பது அந்தக் கூலியை. பார்க்கப்போனால் சில ஆயிரம் வெள்ளி அதிகமில்லை.

மறுநாள் காலை கமாடோ ஆறிப்போயிருந்தது. அம்மா மறுபடி போய்க் குனிந்து பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய பேரனை நிறுத்தினார்.

"அடியில சாம்பல் கெடக்கே, அத யாருய்யா அள்ளுறது?"

மகன் கைப்பேசியில் தேடினான். அதற்கென்று தனியாக ஒரு தட்டு வருகிறதாம், இழுத்துக் கொட்டிவிடலாமாம், ஆனால் அதைத் தனியாக வாங்க வேண்டுமாம். சமையல்கட்டிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். சாம்பலைக் கேட்டதும் இந்த வீட்டில் எல்லாருடைய கண்ணும் எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"வாங்கிடு" என்றார் அம்மா. "அது வர்ற வரைக்கும் தொடப்பமும் மொறமும் பின்னாடி இருக்கு. வேலைக்கு இன்னும் நேரம் இருக்குல்ல?"