பிள்ளை, எஸ். வி.

நேற்று மாலை கட்டுரை திரும்பி வந்தது. நிராகரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, நிராகரிக்கவாவது யாராவது படித்திருக்க வேண்டும். இது அதற்கும் முந்தைய கட்டம். துணைநூற்பட்டியல் எங்கள் இதழின் நெறிமுறைப்படி இல்லை, சரிசெய்து மீண்டும் பதிவேற்றவும் என்று, பதில் போட முடியாத ஒரு முகவரியிலிருந்து மின்னஞ்சல். தொகுதி எண் சாய்ந்திருக்க வேண்டுமாம். சாய்ந்துதான் இருக்கிறது. அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் வரும் இதழ் எண் நிமிர்ந்திருக்க வேண்டுமாம். திரையில் மூக்கு இடிக்கப் பார்த்தேன். 200 சதவீதம் பெரிதாக்கியபோது அடைப்புக்குறியின் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் கண் நன்றாக இருக்கட்டும்.

முதலில் பெயர் விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

துணைநூற்பட்டியல் போட்டுத்தரும் மென்பொருள்களான சோட்டேரோ, மெண்டலே, எண்ட்நோட், எதைத் திறந்தாலும் ஆசிரியர் பெயருக்கு இரண்டு பங்கு: முதற்பெயர், குடும்பப் பெயர். நம்மிடம் இருப்பதோ தலைப்பெழுத்தும் பெயரும். மென்பொருளுக்கு அந்தக் கவலை இல்லை. பெயரின் கடைசிச் சொல் எதுவோ அதைக் கழுத்தைப் பிடித்து முன்னால் நிறுத்திவிடும். தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை உள்ளே போனார், ‘பிள்ளை, எஸ். வி.’ என்று வெளியே வந்தார். கே. என். சிவராஜ பிள்ளை ‘பிள்ளை, கே. என். எஸ்.’ ஆனார். பூர்ணலிங்கம் பிள்ளை ‘பிள்ளை, எம். எஸ். பி.’, கனகசபைப் பிள்ளை ‘பிள்ளை, வி. கே.’ இப்போது எனக்கே யார் யாரென்று தெரியவில்லை. ஆங்கில அகரவரிசையில் பார்த்தால் முதலில் ஐயங்கார்கள், அடுத்து ஐயர்கள், பிறகு முதலியார்கள், பிள்ளைகள், கடைசியில் சாஸ்திரிகள். அவரவர் தெருவில் அவரவர். தமிழ் ஆராய்ச்சி வரலாறு என்று தலைப்பு வைத்த கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் சாதிவாரிக் கணக்கெடுப்பே நடந்துவிட்டது.

உ.வே.சா. கதி இன்னும் மோசம். உ என்பது உத்தமதானபுரம், ஊர். வே என்பது வேங்கடசுப்பையர், அப்பா. மென்பொருள் அவரை ‘ஐயர், யு. வி. எஸ்.’ என்று மாற்றியதில் ஊரும் அப்பாவும் சாமிநாதனும் ஆளுக்கோர் எழுத்தாகச் சுருங்கிவிட்டார்கள். ஐயர் மட்டும் முழுசாக நிற்கிறார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ மேற்கோள் முறையின் கணக்குப்படி அவருடைய முதற்பெயர் உத்தமதானபுரம்.

1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதே 1929இல் அமெரிக்காவில் சைக்கலாஜிக்கல் புல்லட்டின் என்ற இதழ், கட்டுரையை எப்படித் தயார் செய்து அனுப்ப வேண்டும் என்று 7 பக்கத்தில் அறிவுரை வெளியிட்டது. ஏபிஏ கையேடு முளைத்தது அதிலிருந்துதான். அந்த 7 பக்கம் இன்று 400 பக்கத்தைத் தாண்டிவிட்டது. நாம் இங்கே வெட்டிப் போட்ட வாலை அது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

வால் இல்லாத எங்கள் தலைமுறையாவது தப்பித்ததா என்றால், அதுவும் இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் வம்பு என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா பெயரைப் போட்டேன். கட்டுரைகளிலும் அப்படியே போய்விட்டது. இப்போது என்னை மேற்கோள் காட்டுகிற எல்லாரும் அப்பாவைத்தான் காட்டுகிறார்கள். அப்பா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மளிகைக்கடை வைத்தவர். பற்று வரவு நோட்டைத் தவிர வேறொன்றும் எழுதியவரில்லை. அவர் பெயரைப் போட்டு, ‘இந்த வாதம் ஏற்கத்தக்கதன்று’ என்று தில்லியில் ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் அப்பாவிடம் வாங்கிய கடனை இல்லையென்றவர்கள் உண்டு; வாதத்தை மறுத்தவர் கிடையாது. ‘கூகுள் ஸ்காலர்ல உங்க பேர்ல எச்-இண்டெக்ஸ் நாலு இருக்குப்பா’ என்றேன். ‘மாசத்துக்கா, வருசத்துக்கா?’ என்றார்.

புதிதாக ஒரு புத்தகம் கைக்கு வந்தால் முதலில் கடைசிப் பக்கங்களைத் திருப்பி நம் பெயரைத் தேடுவோமே, அதுவும் இதனால் இரட்டை வேலையாகிவிட்டது. என் பெயரில் ஒருமுறை, அப்பா பெயரில் ஒருமுறை. இரண்டிலும் இல்லையென்றால், ‘மற்றும் பலர்’ என்று போட்டிருக்கும் இடமாகப் பார்த்து, அதில் நான் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு மூடிவைப்பேன்.

பெயர்தான் இப்படியென்றால், மேற்கோள் முறைகளின் கதை வேறு. ஹார்வர்டு முறை என்றால் நாம் எழுந்து நிற்காத குறைதான். 1881இல் எட்வர்டு லாரன்ஸ் மார்க் என்ற விலங்கியல்காரர், ஓடில்லாத நத்தையின் முட்டையைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டார். அங்கிருந்து வந்தது என்பார்கள். அதற்கென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ விதிநூல் எதுவும் கிடையாது. ஆகவே ஒவ்வோர் இதழும் தனக்கென்று ஒரு ஹார்வர்டு வைத்திருக்கிறது. வான்கூவர் முறை 1978இல் அந்த ஊரில் மருத்துவ இதழாசிரியர்கள் கூடிப் பேசியதன் பலன். அதில் தலைப்பெழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகூடக் கிடையாது. சிகாகோகாரர்கள் 1906இலிருந்து புத்தகம் போடுகிறார்கள். சோட்டேரோவும் மெண்டலேயும் பயன்படுத்தும் பொதுக் களஞ்சியத்தில் இப்படி 10,000க்கு மேல் பாணிகள் கிடக்கின்றன. சிவபெருமானே திருவிளையாடலை 64ஓடு நிறுத்திக்கொண்டார். நான் அனுப்பிய இதழின் பாணி அந்தப் பத்தாயிரத்தில் இல்லை. அவர்களுடையது ‘ஏபிஏ, சிறு மாற்றங்களுடன்’. அந்தச் சிறு மாற்றங்கள் என்னவென்று மட்டும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

2019இல் வந்த ஏபிஏ 7ஆம் பதிப்பு ஒரு நல்ல காரியம் செய்தது. பதிப்பகம் இருக்கும் ஊரின் பெயர் இனி வேண்டாம் என்றது. மகிழ்ந்துபோய் ஒவ்வொன்றாக ஊரை அழித்துக்கொண்டே வந்தேன். திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தில் வந்து நின்றேன். கழகம் இருந்த சென்னையை எடுத்துவிட்டேன். பெயருக்குள்ளேயே இருக்கிற திருநெல்வேலியை என்ன செய்வது? சரிபார்க்கும் புண்ணியவானுக்கு அது ஊராகத்தானே தெரியும்?

தமிழ் நூல் தலைப்பைத் தமிழ் எழுத்திலும் தர வேண்டும், அதையும் சாய்க்க வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. நம் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு என்று தனியாக வரைந்ததே கிடையாது. கணினி தன் இஷ்டத்துக்கு இழுத்துச் சாய்க்கும். ‘ஞ’வும் ‘ஹௌ’வும் புயலில் சாய்ந்த வாழைத்தோட்டமாகக் கிடக்கின்றன.

எல்லாம் முடித்து ராத்திரி பதிவேற்ற உட்கார்ந்தால், தொல்காப்பியத்துக்கு எதிரே சிவப்பு. ஆசிரியர் பெயர்: தொல்காப்பியர். முதற்பெயர் விடுபட்டுள்ளது என்கிறது. அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன், ஏற்றுக்கொண்டது. இணையத்தில் நூலுக்குத் தரும் அடையாள எண்ணான டிஓஐ விடுபட்டுள்ளது என்றது. இல்லை என்று டிக் செய்தால், காரணம் கூறுக என்று ஒரு பெட்டி. ‘ஆசிரியர் தொடர்பில் இல்லை’ என்று எழுதினேன், அதையும் ஏற்றுக்கொண்டது. அடுத்து, மூல நூல் முதலில் வெளியான ஆண்டு. நட்சத்திரம் போட்ட கட்டம், காலியாக விட முடியாது. கி.மு. என்று போட இடமில்லை. கழித்தல் குறியைத் தொட்டால் கீச்சென்று கத்துகிறது. தொல்காப்பியத்தின் காலத்தைப் பின்னால் தள்ளியதற்காக மேற்படி பிள்ளை, எஸ். வி. வாங்கிய திட்டு இன்றுவரை அடங்கவில்லை. அவராவது நூற்றாண்டுக் கணக்கில் பேசினார். இவர்களுக்கு நான்கு இலக்கத்தில் வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள்.