பத்து நிமிஷக்காரர்

கூடுவாஞ்சேரிப் பக்கம் குடிபோனவரிடம், "வீடு எங்கே சார்?" என்று கேட்டுப் பாருங்கள். இடத்தைச் சொல்ல மாட்டார், நேரத்தைச் சொல்வார். "வண்டலூர்லேருந்து பத்து நிமிஷம்." வண்டலூர்? "தாம்பரத்துலேருந்து பத்து நிமிஷம்." தாம்பரம்? "ஏர்போர்ட்லேருந்து பத்து நிமிஷம். பாலத்துல ஏறினா இறங்குறதே தெரியாது." ஏர்போர்ட்? "கிண்டியிலேருந்து சொல்லட்டுமா?" வேண்டாம். இந்தக் கணக்கில் திருச்சியும் பத்து நிமிஷத் தூரம்தான். நடுவில் கொஞ்சம் பத்துகள் கிடக்கின்றன, அவ்வளவே.

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. மேற்கு மாம்பலத்தில் பத்தொன்பது வருஷம் வாடகைக்கு இருந்த காலத்தில், மளிகைக்கடைக்காரர் மீதிச் சில்லறையில் பத்து ரூபாய் கூடக் கொடுத்துவிட்டால் திரும்பி நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தவர். பத்து நிமிஷத்தையும் அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். 2018-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. மனை பார்க்க இலவச வேன்; வழியில் பொங்கல், வடை. வண்டலூர் தாண்டும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனையில் நட்ட கல்லுக்கு முன்னால் இறங்கியதும் மறுபடி பார்த்தார். ஒன்பதரை நிமிஷம். மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு அரை நிமிஷத்தைத் தானாகவே கூட்டிக்கொண்டார். அன்றைக்கு நின்ற கடிகாரம்தான்.

அந்தப் பத்தில் எதெல்லாம் சேராது என்று அவருக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. சிக்னலில் நிற்பது சேராது. நிற்கிறவன் எப்படிப் பயணம் செய்கிறவன் ஆவான்? எதிர்ச்சாரிக்கு வர யூ-டர்ன் தேடி ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டுத் திசையில் போய்க்கொண்டே இருப்பது சேராது. அது சாலையின் குற்றம். ரயிலுக்குக் காத்திருப்பது சேராது. "இன்னும் ரெண்டு பேர் வரட்டும்" என்று ஷேர் ஆட்டோ உறுமிக்கொண்டு நிற்பது சேராது. மழை நாள், முகூர்த்த நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின நாலு நாள், கல்லூரிப் பேருந்துகள் வரிசை கட்டித் திரும்புகிற நேரம் எல்லாம் தள்ளுபடி. எல்லாம் போக மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. அந்த நேரத்தில் அவர் சொல்வது சத்திய வாக்கு.

ரயில் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் விட்டுவிட்டார்கள். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அந்த வழியில் பயணிகள் இரண்டு வகை. தாம்பரம் வண்டியில் ஏறுகிறவர்கள், செங்கல்பட்டு வண்டிக்கு நிற்கிறவர்கள். முதல் வகைக்கு வண்டி அடுத்தடுத்து வரும். இவர் இரண்டாவது வகை. மாம்பலம் பிளாட்பாரத்தில் ஒரு தாம்பரம் வண்டி வந்து போகும். இன்னொரு தாம்பரம் வண்டி வந்து போகும். பந்தியில் தன் இலையை மட்டும் தாண்டிக்கொண்டு சாம்பார் வாளி போவதைப் பார்க்கிறவர் முகம் எப்படி இருக்கும்? அப்படி நிற்பார். தாம்பரம் வரைக்கும் ஏறிப் போய் அங்கே மாறிக்கொள்ளலாமே என்றால், "அங்கே போயும் இதே வண்டிக்குத்தானே நிக்கணும்? இங்கேன்னா ஃபேன் ஓடுது" என்பார். அதில் நியாயம் இருக்கிறது.

அவருடைய கிரகப்பிரவேசத்துக்கு இதை எழுதுகிறவரும் போயிருந்தார். பத்தரை மணிக்கு மேல் சாப்பாடு என்று அழைப்பு. எட்டரைக்கே மாம்பலத்தில் நின்றாயிற்று. செங்கல்பட்டு வண்டி வரும்போது ஒன்பதேகால். வண்டலூர் வரும்வரை மூன்று முறை போன் வந்தது. "எங்கே இருக்கீங்க?" "குரோம்பேட்டை." "வந்துட்டீங்க!" "இப்போ?" "பெருங்களத்தூர்." "அவ்வளவுதான், வந்தாச்சு!" கூடுவாஞ்சேரியில் இறங்கியதும் அவரே ஆனந்தமாக அறிவித்தார்: "இனிமே பத்து நிமிஷம்தான்." ஷேர் ஆட்டோ ஒரு வளைவின் முன்னால் இறக்கிவிட்டது. அதில் ஒரு நகரின் பெயர். அந்தப் பக்கத்து நகர்களின் பெயரில் லட்சுமியோ பாலாஜியோ தவறாமல் இருப்பார்கள். பின்னாலேயே 'விரிவு', 'அனெக்ஸ்', 'ஃபேஸ் டூ' என்று வாலும் இருக்கும். அவர் அனுப்பிய லொக்கேஷன் ஒரு காலி மனைக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே எருமை ஒன்று கட்டியிருந்தது. வழி கேட்க ஆள் இல்லை. கடைசியில் ஹோமப் புகையை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி பதினொன்றே முக்கால், இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். "பார்த்தீங்களா, எவ்வளவு ஈஸியா வந்துட்டீங்க!"

அவருடைய மனைவி மட்டும் உள்ளேயிருந்து வந்து செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு வண்டி மாறினீங்களா, மூணா?"

அந்த அம்மாள் 'பத்து நிமிஷம்' என்ற சொல்லை வாயில் எடுப்பதே இல்லை. விருந்தாளிகளிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "சாப்பிட்டுட்டே கிளம்புங்க."

இவர் நகரத்துக்குள் வரும்போதும் அதே கடிகாரம்தான். கல்யாணத்துக்கு வருவார், தாலி கட்டி முடித்து, பந்தி போட்டு, மாப்பிள்ளை சட்டை மாற்றப் போயிருக்கும்போது போன் வரும். "பல்லாவரம் தாண்டிட்டேன், பத்து நிமிஷம்." நண்பர்கள் வட்டத்தில் 'பல்லாவரம்' என்றால் இப்போது ஒரு கால அளவு. சுமார் ஒன்றரை மணி.

ஏன் போனார் என்று கேட்பதற்கில்லை. சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்று 2017-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் வேறு என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. பல வீட்டுக்காரர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறார்கள். மாம்பலத்தில் ஒரு கிரவுண்ட், 2,400 சதுர அடி, இவர் சம்பளத்தில் எந்த ஜென்மத்திலும் முடியாது. அந்த விலையில் ஒரு சின்ன மூலைக்கு இங்கே அரை கிரவுண்டும், மாடிப்படியும், வாசலில் ஒரு மாங்கன்றும் கிடைத்தன. ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம். முதல் மாதம் மட்டும் முப்பத்தாறு ஆணி அடித்தார் என்று அவர் பெண் சொல்கிறாள்.

ஆனால் சென்னையை விட்டுப் போய்விட்டார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. பின்கோடு 603-இல் தொடங்குகிறது. அது அவருக்கு உள்காயம். பைக் இன்னும் டிஎன் 09. மனைவிக்கு வாங்கிய ஸ்கூட்டருக்கு டிஎன் 19 என்று செங்கல்பட்டு எண் விழுந்ததும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து அரசாணை வந்ததே, அன்றைக்கு அவர் எல்லாருக்கும் போன் செய்தார். "நாங்களும் சென்னைதான்!" அந்த விரிவில் அரக்கோணமும் சென்னைதான் என்று யாரோ சொன்னபோது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

தண்ணீர் நிற்குமா என்று மட்டும் அவரிடம் கேட்கக்கூடாது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டு ஆட்களை மீட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். "எங்க தெரு மேடு சார்." அடுத்த தெரு? "அது வந்து, அடுத்த தெரு." இன்னும் நெருக்கினால் ஒரு அஸ்திரம் வைத்திருக்கிறார்: "தி.நகரே ஏரிதான் சார்!" இது உண்மை. நூறு வருஷத்துக்கு முன்னால் 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வற்ற வைத்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, லேக் மட்டும் இல்லை. அந்த ஏரியில் வீடு கட்டியவர்களின் பேரன்கள் இன்று கோடீஸ்வரர்கள் என்பது அவர் கட்சி. இன்றும் பெருமழைக்குத் தி.நகரில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே என்பதை அவரும் சொல்வதில்லை, கேட்கிறவர்களும் வாயில் காப்பி இருப்பதால் சொல்வதில்லை.

இதுவரை சிரிப்பு. பெண் விஷயத்தில் சிரிக்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைப் பழைய பள்ளியிலிருந்து மாற்ற மனமில்லை, பத்து நிமிஷம்தானே. அவள் நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறாள். காலை வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கப் பழகிவிட்டாள். மாம்பலம் வந்தால் கூட வருகிற பூக்கார அம்மா தோளைத் தட்டுவார். இது இவர் ஒருவர் செய்த தப்பு இல்லை. அந்தப் பக்கம் முதலில் மனை வருகிறது, அப்புறம் வீடு, உடனே வரி ரசீது. சாலை பிறகு. தெருவிளக்கு அதற்கும் பிறகு. பாதாளச் சாக்கடைக்குப் பதில் செப்டிக் டேங்க் லாரி, குடிநீருக்குப் பதில் கேன், பள்ளிக்கும் பேருந்துக்கும் பதில் 'வரப் போகிறது'. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கிலோமீட்டருக்கு மெட்ரோ நீட்டுவதைப் பற்றிப் பல வருஷமாகப் பேச்சு நடக்கிறது. ஜனங்களை நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்துவிட்டு வண்டியை மட்டும் தாம்பரத்தோடு திருப்பினால், ஒரு மனிதன் பத்து நிமிஷம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளாமல் என்ன செய்வான்?

வீட்டில் சரியான நேரம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா. மாம்பலத்தில் அவருக்கு நாள் முழுக்க வேலை இருந்தது: நூலகத்தில் பேப்பர், டீக்கடையில் அந்தப் பேப்பரைப் பற்றிச் சண்டை, சாயங்காலம் சமாதானம். இங்கே சண்டைக்கு ஆள் இல்லை. பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டு தூரத்தில் போகும் ரயில்களை எண்ணுகிறார். பழைய டைரியில் எழுதியும் வைக்கிறார். "பத்து நிமிஷத்துல வரேன்னான்" என்று வாசலைப் பார்த்துவிட்டு, டைரியைப் புரட்டி, "அந்த வண்டி இன்னும் வரவே இல்லியே" என்பார். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பைத் தணிப்பார்.

2023 டிசம்பர் 30-ஆம் தேதி அவருக்கு விடிந்தது. கிளாம்பாக்கத்தில் புதுப் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். தென் மாவட்ட வண்டிகள் கோயம்பேட்டை விட்டு இங்கே வந்தன. சென்னையே 'அவ்வளவு தூரமா!' என்று தலையில் கை வைத்தபோது இவர் ஒருவர்தான் லட்டு வாங்கினார். ஏனென்றால் கிளாம்பாக்கம் அவர் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். நிஜமாகவே பத்து நிமிஷம். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கணக்கு சரியாக வந்தது.

அதற்குப் பலனும் கிடைத்தது. கிரகப்பிரவேசத்துக்கே வராத மச்சினர் குடும்பம், அந்தப் பொங்கலுக்கு முதல்நாள் ராத்திரி நாலு பெட்டியோடு வந்து இறங்கியது. விடிகாலை மதுரை பஸ். "உங்க வீடுதான் பக்கம்னு சொன்னாங்க!" மறுநாள் சித்தப்பா வீட்டார், திருநெல்வேலி. அதற்கு மறுநாள் பழைய ஆபீஸ் நண்பர், மனைவி, மாமியார், ஒரு மிக்ஸி, நாகர்கோவில். அந்த அம்மாள் மூன்று நாளில் எத்தனை தோசை வார்த்தார் என்று கணக்கில்லை. இவரோ ஒவ்வொரு பெட்டியையும் பைக்கில் வைத்துக்கொண்டு கிளாம்பாக்கத்துக்கும் வீட்டுக்கும் பறந்து, ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைக் காட்டினார். "பார்த்தீங்களா? ஒன்பதரை!" யாரும் பார்க்கவில்லை. ஜன்னல் ஸீட் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார்கள்.

குடிபோய் இத்தனை வருஷம் ஆகியும் அவர் முடி வெட்டிக்கொள்வது மாம்பலத்தில்தான். மாதம் ஒரு சனிக்கிழமை வருகிறார். அதே நாற்காலி, அதே கத்தரிக்கோல். பிறகு அதே கடையில் கண்ணெதிரே வறுத்து அரைத்த காப்பித்தூள்; சூடு ஆறுவதற்குள் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓட்டம். நடுவில் ஒரு சனிக்கிழமை தவறிவிட்டால் வீட்டில் பாக்கெட் தூள்தான். அந்த அம்மாள் எதுவும் சொல்ல மாட்டார்; டம்ளரை வைக்கிற சத்தத்தில் தெரியும்.

அவர் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், செங்கல்பட்டு வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். போகிற வழியில் மாம்பலத்தில் இறங்கி அரை கிலோ தூள் வாங்கிக்கொள்ளுங்கள். சிக்கரி இருபது சதவீதம், அதற்கு மேல் வேண்டாம்.